கல் வரைக்கும் வரும் வண்டி

அந்தக் கல்லை வெட்டியது என் வீட்டுக்காரர்தான். இதைச் சொன்னால் பல பேர் முகத்தைச் சுளிப்பார்கள். சாமியை மனுஷன் உளி வைத்து வெட்டினான் என்றால் யாருக்குப் பிடிக்கும்? ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து ஜல்லி உடைத்தபடி நான் பார்த்தது அது.

பினாங்கில் ஆயர் ஈத்தாம் போகிற சாலையிலிருந்து பிரியும் ஒரு மண்பாதையின் கடைசியில் எங்கள் கல்மலை இருந்தது. ஆண்கள் வெடி வைத்துப் பாறையைப் பிளப்பார்கள். பெண்கள் வெயிலில் குந்தி உட்கார்ந்து சுத்தியலால் ஜல்லி போடுவோம். டவுனில் துரைமார் கார் ஓட்டுகிற ரோடுகளுக்கெல்லாம் எங்கள் ஜல்லிதான் போனது. மலைக்குக் கீழே தகரக் கூரை போட்ட லயத்தில் குடும்பம் குடும்பமாக இருந்தோம். எனக்கு அங்கே வாழ்க்கைப்படும் முன்பு மிஷன் பள்ளியில் கொஞ்சம் படிப்பு இருந்தது. அதனால் லயத்தில் கடிதாசி வந்தாலும் சண்டை வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இரண்டிலும் நான் சளைத்தவள் இல்லை.

ஒருநாள் நகரசபையிலிருந்து மலைக்கு ஆர்டர் வந்தது. இடுப்பு உயரத்துக்குச் சதுரக் கற்கள் வேண்டும், ஒரு முகத்தில் ஆங்கில எழுத்து செதுக்க வேண்டும். எழுத்தைத் தாளில் வரைந்து கொடுத்திருந்தார்கள். என் வீட்டுக்காரருக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. தாளைக் காலடியில் வைத்துக்கொண்டு, கோலம் பார்த்துப் போடுகிற மாதிரி, ஒவ்வொரு வளைவாகச் செதுக்கினார். அவர் செதுக்கிய கற்களில் ஒன்றைத்தான் எங்கள் மண்பாதை சாலையில் சேரும் இடத்தில் நட்டார்கள். "இது முனிசிபல் எல்லைக் கல்லு. இதுக்கு அந்தப் பக்கம் டவுனு, இந்தப் பக்கம் நீங்க" என்று மலையில் கணக்கு எழுதுகிற கிராணி விளக்கினார். எங்களுக்கு அது சிரிப்பாக இருந்தது. கல்லுக்கு அந்தப் பக்கமும் அதே செம்மண், அதே தென்னை மரம்.

அந்தப் பக்கம் என்றால் என்னவென்று பிறகு தெரிந்தது. அங்கே வீட்டுக்கு வீடு வரி. அந்த வரியில் தெருவிளக்கு, குழாய்த் தண்ணீர். அந்த வரியில்தான் துறைமுகத்துப் பக்கம் இருந்த பொம்பா ஸ்டேஷனில், தீயணைக்கிற வண்டிக்குப் பக்கத்தில், நோயாளியைத் தூக்கிப்போகிற ஒரு வண்டியும் நின்றது. நெருப்பு அணைக்கிற அதே ஆட்கள் அதையும் ஓட்டினார்கள். டெலிபோன் போட்டால் மணியடித்துக்கொண்டு வாசலுக்கே வரும். காசு கேட்க மாட்டார்கள். நாங்கள் வரி கட்டாதவர்கள். எங்களுக்கு அது வராது.

மலையில் ஒரு பாறை உருண்டு என் வீட்டுக்காரரின் காலில் ஏறிய அன்றுதான் அந்த எல்லை என் வீட்டுக்குள் வந்தது. கைலியில் தூளி கட்டி மூங்கிலில் மாட்டி அவரைச் சாலைக்குத் தூக்கி வந்தார்கள். ஒருவர் முன்னால் ஓடிப் போலீஸ் ஸ்டேஷனில் டெலிபோன் போடச் சொன்னார். அவரைக் கல்லில் சாய்த்து உட்கார வைத்தோம். வலி தாங்காமல் அவர் கல்லை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவர் விரல்கள் அவரே செதுக்கிய எழுத்தின் பள்ளத்துக்குள் இருந்தன. நாங்கள் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் வண்டி வந்துவிட்டது. பக்கத்தில் எங்கோ வேறு வேலையாக வந்து திரும்பிக்கொண்டிருந்ததாம். வண்டியிலிருந்து இறங்கிய பொம்பாக்காரர் தமிழ் ஆள், என்னைவிட இளையவர்.

"லயத்துக்கே வந்திருக்கலாமேப்பா, இப்படி ரத்தம் சொட்டச் சொட்டத் தூக்கிட்டு வந்தோமே" என்றேன்.

"கல்லத் தாண்ட எங்களுக்கு ஆர்டர் இல்லக்கா. கல்லு வரைக்கும் கொண்டாந்துட்டீங்கன்னா போதும், அதுக்கப்புறம் எங்க பொறுப்புலா" என்றார். அவர் முகத்தில் வெட்கம் தெரிந்தது. அதனால் அவரை நான் திட்டவில்லை.

ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. உயிர் தங்கியது. ஆஸ்பத்திரியிலிருந்து கட்டையை ஊன்றிக்கொண்டு வந்தவர் வீட்டுக்குள் நுழையும் முன் கல்லடிக்குப் போய் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றினார். "என் கையால வெட்டுன கல்லு என்னக் காப்பாத்திருச்சு புள்ள" என்றார். காப்பாற்றியது டவுன்காரன் வரியும் பெட்ரோலும் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. காலை இழந்துவிட்டு வந்த மனுஷனிடம் எப்படிச் சொல்வது?

அதற்குப் பிறகு லயத்தில் யாருக்கு எது வந்தாலும் தூளி கட்டிக் கல்லடிக்குத் தூக்கிப்போவது வழக்கமாயிற்று. பாம்பு கடித்தவன், வெடியில் கை போனவன், ஜன்னி கண்டவன் எல்லோரையும் கல்லுக்கு முன்னால் கிடத்துவார்கள். வண்டி வரும். தூக்கி ஏற்றும் முன் கற்பூரம் காட்டி நெற்றியில் திருநீறு பூசுவார் என் வீட்டுக்காரர். பொம்பாக்காரர்களும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஒரு நிமிஷம் நிற்பார்கள். பிழைத்துத் திரும்பியவர்கள் நேர்ந்துகொண்டபடி சிவப்புத் துணி சாத்தினார்கள், சூலம் நட்டார்கள், தகரத்தில் சின்னதாக ஒரு கொட்டகை போட்டார்கள். பக்கத்துக் காய்கறித் தோட்டத்துச் சீனர்கள் அதைத் தங்கள் காவல் தெய்வமான ஒரு டத்தோ சாமியாக்கி ஊதுபத்தி கொளுத்தினார்கள். எழுத்தெல்லாம் மஞ்சளிலும் எண்ணெயிலும் மூடிப்போயிற்று. எங்களோடு அப்போது வேலை செய்த பழைய ஆட்கள் ஊருக்கும் தோட்டங்களுக்கும் கலைந்து போய்ப் புது ஆட்கள் வந்தார்கள். அவர்களிடம் கேட்டால் எல்லைச்சாமி பூமிக்குள்ளிருந்து தானாக எழும்பியது என்பார்கள். வண்டி நேரத்துக்கு வந்தால் அது சாமியின் சக்தி. நேரத்துக்கு வராவிட்டால் பொம்பாக்காரன் சோம்பேறி. இந்தக் கணக்கு எனக்கு ஒருநாளும் புரிந்ததில்லை.

எனக்குச் சாமி மேல் கோபம் இல்லை. வழிமேல் கோபம். லயத்திலிருந்து கல்லுக்கு வருகிற பாதை கல்வண்டிகள் ஓடி ஓடிக் குண்டும் குழியுமாகக் கிடந்தது. அதில் தூளி ஆடுகிற ஆட்டத்தில் பாதி உயிர் போய்விடும். முதுகெலும்பு முறிந்த ஒரு பையனை அப்படித் தூக்கிப் போனோம். வண்டியில் ஏற்றும்போது அவனுக்குக் கழுத்துக்குக் கீழே உணர்வே இல்லை. அன்றைக்கு நான் கங்காணியைப் பிடித்துக்கொண்டேன். இங்கே உடைக்கிற கல் டவுனுக்குள் போக எந்த எல்லையும் தடுக்கவில்லையே, டவுனிலிருந்து ஒரு வண்டி இங்கே வர மட்டும் ஏன் எல்லை என்று கேட்டேன். அவர் தவுக்கேயிடம் கொண்டுபோனார். மலைக்கு முதலாளியான அந்தச் சீனரும் நல்ல வெடிகாரர்களை இழந்து சலித்துப்போயிருந்தார். அவர் நகரசபைக்கு எழுதினார்.

அங்கே அது பெரிய பேச்சாகியிருக்கிறது. வரி கட்டுகிறவன் பணத்தில் வரி கட்டாதவனை ஏன் சுமக்க வேண்டும் என்று ஒருவர் கேட்டாராம். ஒரு வண்டி வெளியே போனால் உள்ளே இருக்கிறவனுக்கு வண்டி எங்கே என்று இன்னொருவர் கேட்டாராம். கடைசியில் தவுக்கே லயத்து வீடுகளுக்கு வரி கட்டுவதாக ஒப்புக்கொண்டார். எல்லையை லயத்தைத் தாண்டி நகர்த்துவது, வண்டி இனி லயத்து வாசல் வரைக்கும் வருவது என்று முடிவானது. கிராணி வந்து சொன்னபோது நான் சுத்தியலைப் போட்டுவிட்டு அழுதேன். அன்று சாயங்காலம் லயம் முழுக்க என் செலவில் கேசரி.

கல்லைப் பிடுங்கி லயத்துக்கு அந்தப் பக்கம் நட நகரசபை ஆட்கள் ஒருநாள் காலையில் வந்தார்கள். ஓவர்சியர் சைக்கிளில் முன்னால், கடப்பாரையும் மண்வெட்டியுமாகக் கூலிகள் பின்னால். கூலிகள் எல்லோரும் நம் ஆட்கள். கொட்டகையைப் பார்த்ததும் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார்கள். ஒருவன் விழுந்தே கும்பிட்டான். என் வீட்டுக்காரர் கட்டையை ஊன்றிக்கொண்டு கல்லுக்கு முன்னால் நின்றார். அவருக்குப் பின்னால் லயமே நின்றது.

"சாமியப் பேத்தீங்கன்னா யாருக்கும் நல்லதில்ல. வண்டி வேணும், சாமியும் வேணும். இதை இங்கயே விட்டுட்டு அங்க வேற கல்லு நடுங்க" என்றார்.

"ஒரு எல்லைக்கு ரெண்டு கல்லு எப்படிய்யா நடுறது? புடுங்கி நடுன்னுதான் எனக்கு ஆர்டர்" என்றார் ஓவர்சியர்.

நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனேன். "இது நீங்க வெட்டுன கல்லுதானே, இன்னொண்ணு வெட்ட முடியாதா? புடுங்கிட்டுப் போகட்டும், விடுங்க" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். ஒரு பெண் என் வாயைப் பொத்தினாள். சாமி குத்தம் வந்துவிடும் என்று பயந்தாள். ஓவர்சியர் தன் கூலிகளைப் பார்த்தார். ஒருவனும் கடப்பாரையைத் தொடவில்லை. கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று சைக்கிளைத் திருப்பினார். கூலிகள் நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு அவர் பின்னால் நடந்தார்கள்.

அவர் திரும்பி வரவில்லை. அந்தச் சமயத்தில்தான் கித்தா ரப்பர் விலை விழுந்து ஊரே படுத்துவிட்டது. ரோடு போடுவது நின்றது, மலையில் பாதி ஆட்களை நிறுத்திவிட்டார்கள். நகரசபை எங்கே செலவைக் குறைக்கலாம் என்று தேடியதில் எங்கள் வண்டிதான் முதலில் அகப்பட்டது. அங்கத்துக் குடிகளே எல்லையை நகர்த்த வேண்டாம் என்கிறார்கள், அப்புறம் நமக்கென்ன என்று பேச்சை முடித்துவிட்டார்களாம். கிராணி அதைச் சொல்லும்போது சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அன்று வீட்டில் பெரிய சண்டை. பிறகு அவர் மெதுவாகச் சொன்னார்: "ஒத்தக் கால வச்சிக்கிட்டு எனக்கு யாரு வேல கொடுப்பா? மலையில உனக்கும் வேல இல்ல. இப்ப நாம திங்கிற சோறு அந்தக் கல்லு போடுறது. அங்க நிக்கிறப்பதான் நாலு பேரு என்னையும் மனுஷனா மதிக்கிறாங்க." தட்டில் விழுகிற அரிசியிலும் சில்லறையிலும்தான் அப்போது அடுப்பு எரிந்தது. அது உண்மை.

எங்களுக்கு ஒரே மகள். கித்தா விலை விழுவதற்கு முன்பே அவளை டவுனில் கட்டிக்கொடுத்திருந்தோம். மாப்பிள்ளைக்குத் தொங்கான் படகில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் வரிசை வீடு. அவள் வீட்டு வாசலில் நின்றால் பொம்பா மணி கேட்கும். கல்யாணமாகி முதல் தடவை அவளைப் பார்க்கப் போனபோது அந்த மணியைக் கேட்டு, என் மகளாவது எல்லைக்குள் இருக்கிறாள் என்று மனம் குளிர்ந்து வந்தேன்.

அவள் முழுகாமல் இருந்தாள். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அழைத்து வந்தோம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? யாரும் யோசிக்கவில்லை. சம்பந்தியம்மா புது வெற்றிலை பாக்கு வைத்து அனுப்பினார். தவுக்கேயை வரி கட்ட வைத்ததற்கும் வண்டிக்கு மனுப் போட்டதற்கும் முன்னால் நின்ற நான், ஆஸ்பத்திரிக்கும் பொம்பா ஸ்டேஷனுக்கும் நடுவில் குடியிருந்த பெண்ணை, வண்டி வராத பக்கத்துக்கு வளையல் குலுங்க நானே அழைத்து வந்தேன். கல்லடியில் மாட்டுவண்டியை நிறுத்தினோம். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கிக் கும்பிட்டாள். அவள் அப்பா நெற்றியில் பூசிய திருநீறு அவள் மூக்கில் உதிர்ந்தது. "அப்பா, கண்ணுல போடாதீங்கப்பா" என்று சிரித்தாள்.

வலி ஒரு விடிகாலையில் தொடங்கியது. லயத்து மருத்துவச்சி கைராசிக்காரி. வெயில் ஏறுவதற்குள் பெண் குழந்தை பிறந்துவிட்டது, நல்ல குரல். ஆனால் ரத்தம் நிற்கவில்லை. மருத்துவச்சி வயிற்றை அமுக்கினாள், துணியை மாற்றினாள், அந்தத் துணியும் நனைந்தது. அவள் என் முகத்தைப் பார்க்காமல், "ஆள் அனுப்பு, வண்டிக்குச் சொல்லு" என்றாள். பக்கத்து வீட்டுக்காரர் ஓடினார். மூங்கில் கொண்டு வந்தார்கள். என் கைலியிலேயே தூளி கட்டினேன்.

அந்தப் பாதையில் எத்தனையோ பேரைத் தூக்கிப்போக நான் கூட நடந்திருக்கிறேன். ஒவ்வொரு குழியும் எனக்குத் தெரியும். "குழி வருது, மெதுவா, மெதுவாய்யா" என்று கத்திக்கொண்டே நடந்தேன். மெதுவாகப் போனால் நேரம் போகிறது. வேகமாகப் போனால் தூளி அடிபடுகிறது. கைலியின் அடியிலிருந்து மண்ணில் சொட்டிக்கொண்டே வந்தது. மகள் முதலில் "அம்மா, குளிருது" என்றாள். உச்சி வெயில் அது. பிறகு, "பாப்பாவ யாரு வச்சிருக்கா?" என்று கேட்டாள். மருத்துவச்சி வைத்திருக்கிறாள் என்றேன்.

வளைவு திரும்பியதும் வண்டி தெரிந்தது. கல்லுக்கு அந்தப் பக்கம், பின்கதவு திறந்து, என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. எங்களைக் கண்டதும் ஒரு பொம்பாக்காரர் படுக்கையை இழுத்துக்கொண்டு கல்லைத் தாண்டி எங்கள் பக்கம் ஓடி வந்தார். டிரைவர் பின்னால் ஏதோ கத்தினார். ஓடி வந்தவர் திரும்பிப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரரை அன்று ஏற்றிய அதே ஆள், தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. தூளியைப் படுக்கையில் இறக்கி, மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே கல்லடிக்கு ஓடினார்.

கல்லடியில் அவள் அப்பா கற்பூரத்தை ஏற்றித் தட்டோடு தயாராக நின்றார். மற்ற எல்லோருக்கும் செய்கிற மாதிரியே அவளுக்கும் செய்ய வந்தார். "வழிய விடுங்க!" என்று கத்தி நான் தட்டைத் தட்டிவிட்டேன். கற்பூரம் மண்ணில் விழுந்து எரிந்தது. பொம்பாக்காரர் படுக்கையைத் தரையில் வைத்துவிட்டார். ஏன் வைக்கிறீர்கள், ஏற்றுங்கள் என்று அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினேன்.

"போயிருச்சுக்கா" என்றார். பிறகு, யாரிடமோ சொல்கிறவர் மாதிரி, "வண்டி வந்து ரொம்ப நேரமாச்சுக்கா. இங்கயேதான் நின்னுக்கிட்டிருந்தோம்" என்றார்.

இறந்தவர்களை ஏற்ற அந்த வண்டிக்கு ஆர்டர் இல்லை. காலி வண்டி டவுனுக்குத் திரும்பிப் போயிற்று. மகளை அதே தூளியில், அதே குழிகள் வழியாக, லயத்துக்குத் திருப்பித் தூக்கி வந்தோம். இப்போது மெதுவாகப் போகச் சொல்ல எனக்குக் காரணம் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு குழியிலும் சொன்னேன்.

காரியம் முடிந்த மறுநாள் காலையில் அவரைக் காணவில்லை. மூலையில் துருப்பிடித்துக் கிடந்த கடப்பாரையையும் காணவில்லை. நான் ஓடிப் போனபோது அவர் கல்லடியில் மண்ணில் உட்கார்ந்து, ஒரு காலை மடக்கிக்கொண்டு, கல்லின் அடியைக் குத்திக்கொண்டிருந்தார். சிவப்புத் துணி கிழிந்து கிடந்தது. ஆட்கள் கூடிவிட்டார்கள். நாலு பேர் அவரைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்துக் கடப்பாரையைப் பிடுங்கினார்கள்.

"விடுங்கடா! இது சாமி இல்லடா! நான் வெட்டுன கல்லுடா இது! கூலிக்கு வெட்டுனேன்டா!" என்று அவர் அலறினார். நகத்தால் மஞ்சளைச் சுரண்டி எழுத்தைக் காட்டப் பார்த்தார்.

"மக போன துக்கத்துல புத்தி பேதலிச்சுப் போச்சு, பாவம். கூட்டிட்டுப் போங்கக்கா" என்றான் ஒரு இளைஞன். அவனை ஒரு தடவை அந்தக் கல்லடியிலிருந்துதான் வண்டி ஏற்றிப் போயிருந்தது. அவர் சொல்வது நிஜம் என்று நான் சொன்னேன். என்னையும் அதே இரக்கத்தோடு பார்த்தார்கள். நான் அவரைத் தோளில் சாய்த்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். சாமியைக் குத்திய தோஷத்துக்கு எங்கள் முதுகுக்குப் பின்னாலேயே கற்பூரம் ஏற்றினார்கள். மறு வாரம் வேறொருவர் பூசாரி ஆனார்.

குழந்தைக்குப் பெயர் வைக்கும் வரைக்கும் லயத்தில் இருக்கட்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. ஒரு துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு நடந்தே போனேன். கல்லடியில் புதுப் பூசாரி திருநீறோடு எழுந்து வந்தார். குழந்தையின் நெற்றியைக் கையால் மறைத்துக்கொண்டு தாண்டினேன்.

சம்பந்தியம்மா வாசலிலேயே அழத் தொடங்கினார். குழந்தையை அவர் மடியில் போட்டேன்.

"இது இங்கயே வளரட்டும். பாக்கணும்னா நான் வர்றேன். நாளைக்கு இவளுக்குக் கல்யாணமாகி, தாய் வீடு, பாட்டி வீடு, முறை, வழக்கம்னு யாராவது வந்து கூப்பிட்டாலும் கல்லுக்கு அந்தப் பக்கம் இவள அனுப்பாதீங்க" என்றேன்.

அவர் சரி என்று தலையாட்டினார். தெருக்கோடியில் பொம்பா மணி அடித்துக்கொண்டு யார் வீட்டுக்கோ போனது.